பாய்ப்படகுப் பந்தயமும் விலையுயர்ந்த கைக்கடிகாரமும்

விலை மிகுந்த கைக்கடிகாரங்களின் விளம்பரங்களை நோக்கும் நேயர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். கடிகாரத்தின் படத்துக்குப் பின்னால், நீலக் கடலில் வெண்பாய் விரித்து ஒருபுறமாகச் சாய்ந்தோடும் படகு ஒன்று அடிக்கடி காணப்படும். இக்கடிகாரங்களுள் பெரும்பாலானவை உருவாகும் ஸ்விட்ஸர்லாந்தோ கடற்கரையே இல்லாத நாடு. மலைநாட்டுக் கைவினைஞர்களுக்குக் கடற்படகின் மீது இத்துணைப் பற்று ஏன்? அவர்கள் செய்தளிக்கும், பல இலட்ச ரூபாய் பெறுமானமுள்ள அக்கடிகாரம் பாய்ப்படகுப் பந்தயத்தில் காலத்தைக் கணிப்பதற்கு உண்மையிலேயே பயன்படுமா, அன்றி விளம்பரத்துக்கு அழகு சேர்ப்பதோடு அதன் கடமை முடிந்துவிடுகிறதா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோலார் தங்கவயலில் வாழும் தமிழர்க்கு இப்பொருள் தொலைவானதாகத் தோன்றலாம். எனினும் காலந்தவறாமை என்பது இன்னதென்று அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுரங்கச் சங்கின் ஒலியைக் கொண்டே இல்லங்களில் அடுப்பு மூட்டிய ஊர் அது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் எழுந்து பெங்களூர் ரயிலைப் பிடித்து வேலைக்குச் செல்லும் வாழ்க்கையை மேற்கொண்டனர். சுரங்கக் கூண்டாயினும் சரி, ரயிலாயினும் சரி, பிந்தியவன் இழப்பான். முந்தி வந்து காத்து நிற்பவனுக்கு யாதொரு தீங்கும் இல்லை. பாய்ப்படகுப் பந்தயத்தின் விந்தை யாதெனில், அங்கே பிந்துவதும் குற்றம், முந்துவது அதனினும் பெரிய குற்றம்.

இதனை விளக்கிக்கொள்ளக் கடல் வரை செல்ல வேண்டுவதில்லை. தங்கவயலுக்கு அருகில், பாலாற்று நீரைத் தேக்கி நிற்கும் பேத்தமங்கலம் ஏரியை நேயர்களுட் பலர் அறிவர். சுரங்க நகரத்துக்குக் குடிநீர் தந்த ஏரி அது. அந்த ஏரியின் நடுவே, கற்பனையாக, ஒரு படகை நங்கூரமிட்டு நிறுத்துவோம். அதில் பந்தய அதிகாரி அமர்ந்திருக்கிறார். அவருக்கு அருகே ஒரு கம்பத்தில் ஆரஞ்சு நிறக் கொடி பறக்கிறது. சற்றுத் தொலைவில் ஒரு மிதவை. கொடிக்கம்பத்துக்கும் மிதவைக்கும் இடையே நீரின் மேல் ஒரு கோடு இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். அதுவே புறப்பாட்டுக் கோடு. இருபது முப்பது படகுகள் அக்கோட்டுக்குப் பின்னால் இங்குமங்கும் ஓடித் திரிகின்றன. குறித்த விநாடி வந்ததும் அனைத்தும் கோட்டைத் தாண்டிக் காற்று வரும் திசை நோக்கி வளைந்து வளைந்து ஏற வேண்டும்.

ஓட்டப்பந்தய வீரன் கோட்டின் மீது விரலை ஊன்றிக் காத்திருக்கலாம். பாய்ப்படகு அவ்வாறு நிற்க இயலாது. அதற்குத் தடைக்கட்டை கிடையாது; நின்றுவிட்டால் மீண்டும் வேகம் பெறப் பல விநாடிகள் ஆகும். எனவே கெட்டிக்காரப் படகோட்டி என்ன செய்கிறான்? கோட்டுக்குப் பின்னே சிறிது தூரத்திலிருந்து ஓடத் தொடங்கி, முழு வேகத்தோடு, சைகை விழும் அதே கணத்தில் கோட்டின் மேல் வந்து சேரும்படி கணக்கிடுகிறான். ஐந்து நாட் வேகத்தில் செல்லும் படகு ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் ஓடும். ஒலிம்பிக் பந்தயங்களில் ஒருவரே செலுத்தும் ஐ.எல்.சி.ஏ. வகைப் படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர். ஆகவே இரண்டு விநாடி பிந்தியவன் ஒரு படகு நீளத்துக்கு மேல் பின்தங்கிவிடுகிறான். இழப்பு அத்தோடு நிற்பதுமில்லை. முன்னே செல்வோரின் பாய்கள் கலக்கிவிட்ட காற்றே பின்னே வருவோனுக்குக் கிடைக்கும். அவன் வேகம் மேலும் குறையும். மறுபுறம், ஒரே விநாடி முந்திக் கோட்டைத் தாண்டியவன் திரும்பி வந்து, கோட்டின் பின்னே முழுமையாக இறங்கி, மறுபடியும் புறப்பட வேண்டும். கறுப்புக் கொடி ஏற்றப்பட்ட பந்தயமாயின் நிலைமை இன்னும் கடுமை. கடைசி ஒரு நிமிஷத்தில் கோட்டுக்கு அப்பால் அகப்பட்டவனுக்கு விசாரணையே இல்லை; அந்தப் பந்தயம் அவனுக்கு அத்துடன் தீர்ந்தது.

இந்தப் புறப்பாட்டுக்கு ஐந்து நிமிஷக் கணக்கு ஒன்று உண்டு. உலக முழுதும் இன்று வழங்கும் விதிகளின்படி, புறப்பாட்டுக்கு ஐந்து நிமிஷம் முன்பு, அப்பந்தயத்துக்குரிய படகு வகையின் கொடி ஏறுகிறது. ஓர் ஒலியும் எழுப்பப்படுகிறது. நான்கு நிமிஷம் இருக்கையில் ஆயத்தக் கொடி ஏறுகிறது. ஒரு நிமிஷம் இருக்கையில் ஆயத்தக் கொடி இறங்குகிறது. அந்நிமிஷமும் கழிந்ததும் வகைக் கொடி இறங்குகிறது, அக்கணமே புறப்பாடு. முற்காலத்தில் இவ்விடைவெளிகள் நீண்டவையாக இருந்தன: பத்து நிமிஷத்துக்கு முன் ஒன்று, ஐந்து நிமிஷத்துக்கு முன் மற்றொன்று என்பது பழைய வழக்கு. பழைய கடிகாரங்களின் முகப்பில் நாம் காணும் வண்ணப் பகுப்புக்களுக்கு இதுவே காரணம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்விதிகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலத்தைக் கண்ணுக்குத் தெரியும் சைகையிலிருந்தே கணக்கிட வேண்டும், ஒலியிலிருந்து அன்று. ஒலி எழாமற் போனாலும் புறப்பாடு செல்லும். ஏன் இந்த ஏற்பாடு? ஒலி காற்றில் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். நீண்ட கோட்டின் மறுகோடியில் நிற்கும் படகுக்கு அதிகாரியின் ஒலி ஒரு விநாடி வரை பிந்தி வந்து சேரலாம். ஒளிக்கோ அத்தகைய தாமதமே இல்லை எனலாம். ஆழ்சுரங்கத்தில் இதற்கு நேர்மாறான முறை வழங்கியதைத் தங்கவயல் மக்கள் அறிவர். பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் இருக்கும் கூண்டைக் கப்பி எஞ்சின் ஓட்டுபவர் காண இயலாது. மணிச் சைகையின் எண்ணிக்கையே அவருக்குக் கண். அங்கே ஒரு விநாடி தாமதம் பெரிதன்று, எத்தனை மணி அடித்தது என்பதே பெரிது. படகோட்டிக்கோ எண்ணிக்கை முன்பே தெரியும். அவன் அறிய வேண்டுவது கணம் ஒன்றையே.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். பொதுவாக நாம் என்ன நினைக்கிறோம்? விநாடிக்கு இத்துணை மதிப்புள்ள விளையாட்டில், மிக நுட்பமாகக் காலங்காட்டும் கடிகாரமே வேண்டும். மிக நுட்பமான கடிகாரம் விலை மிகுந்ததாகத்தான் இருக்கும். ஆகவே விலையுயர்ந்த கடிகாரமே பந்தயத்துக்கு உகந்தது. இந்த வாதத்தின் ஒவ்வொரு படியும் நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வாதம் சரிந்துவிடுகிறது.

ஸ்விட்ஸர்லாந்தில் குரோனோமீட்டர் என்று சான்றிதழ் பெறும் இயந்திரக் கடிகாரம் ஒரு நாளில் சராசரியாக 4 விநாடி பிந்தவோ 6 விநாடி முந்தவோ அனுமதி உண்டு. 6 விநாடி என்றே கொள்வோம். ஒரு நாளில் ஐந்து நிமிஷப் பகுதிகள் 288 இருக்கின்றன. ஆகவே ஐந்து நிமிஷத்தில் அக்கடிகாரத்தின் பிழை ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. இனி, நம் தந்தையார் காலத்து எச்.எம்.டி. கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெங்களூரில் ஜப்பானியக் கம்பெனியான சிட்டிஸனின் ஒத்துழைப்போடு 1961-இல் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்தது அது. சாவி கொடுத்து ஓட்டுவது. பல்லாண்டு எண்ணெய் காணாமல் அது நாளொன்றுக்கு அரை நிமிஷம் தவறுவதாகவே வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் ஐந்து நிமிஷத்தில் நேரும் பிழை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குதான். ஓசூரில் செய்யப்படும் சாதாரணமான குவார்ட்ஸ் கடிகாரமோ ஒரு மாதம் முழுவதும் ஓடிப் பதினைந்து விநாடி தவறினால் அதுவே அதிகம். ஐந்து நிமிஷத்தில் அதன் பிழையைக் கணக்கிடுவதே வீண்.

இதனை நீரின் மேல் தூரமாக மாற்றினால் இன்னும் தெளிவாகும். ஐந்து நாட் வேகத்தில், பெருவிலைக் கடிகாரத்தின் பிழை மூன்று விரற்கடை. பழைய எச்.எம்.டி.யின் பிழை ஒரு சாண். ஆனால் கொடி அசைவதைக் கண்டு மூளை உணர்ந்து விரல் பொத்தானை அழுத்துவதற்குள் மனிதனுக்குச் சுமார் ஐந்தில் ஒரு விநாடி கழிந்துவிடுகிறது. அதற்குள் படகு ஒரு முழம் ஓடிவிடும். விரலின் பிழை ஒரு முழமாக இருக்கையில், கடிகாரத்தின் சாணை விரற்கடையாகக் குறைப்பதற்கு இலட்சக் கணக்கில் செலவிடுவது என்ன கணக்கு என்று நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

ஆகவே நுட்பம் என்ற வழியில் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. ஐந்து நிமிஷத்தை எந்தக் கடிகாரமும் சரியாக அளக்கும். படகோட்டி அதனிடம் வேண்டுவன வேறு. முதலாவது, கழிந்த நேரத்தை அன்று, எஞ்சிய நேரத்தை அது காட்ட வேண்டும். 'மூன்று நிமிஷம் இருபது விநாடி ஆயிற்று' என்பதிலிருந்து 'இன்னும் ஒரு நிமிஷம் நாற்பது விநாடி' என்று மனத்தில் கழித்துப் பார்ப்பதற்கு, ஒரு கையில் சுக்கானும் மறு கையில் பாய்க்கயிறும் பிடித்தவனுக்கு அவகாசம் இல்லை. இரண்டாவது, ஓட்டத்தின் நடுவே சரிசெய்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிஷக் கொடியைத் தவறவிட்டவன் நான்கு நிமிஷக் கொடியில் கணக்கை நேராக்கிக்கொள்ள வழி வேண்டும். மூன்றாவது, நீர்த்துளி தெறிக்கும் கண்களுக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும். நான்காவது, பார்க்காமலே அறியக்கூடுமாயின், அதாவது அதுவே கடைசி விநாடிகளை ஒலித்துக் காட்டுமாயின், மிகவும் நன்று. ஐந்தாவதைக் கடைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள்: தொலைந்தால் மனம் பதறாத பொருளாக அது இருக்க வேண்டும்.

கடிகாரக்காரர்கள் இத்தேவைகளை அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1967-இல் அமெரிக்கா கோப்பைப் பந்தயத்தில் வென்ற 'இன்ட்ரெபிட்' என்னும் படகில் ஹாயர் கம்பெனியின் காலக்கருவிகள் பயன்பட்டன. அவ்வெற்றியின் நினைவாக அக்கம்பெனி மறு ஆண்டு 'ஸ்கிப்பர்' என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதன் முகப்பில் பதினைந்து நிமிஷம் காட்டும் சிறு வட்டம் ஒன்று, ஐந்தைந்து நிமிஷமாக மூன்று வண்ணங்களில் பகுக்கப்பட்டிருந்தது. முன்னே குறிப்பிட்ட பழைய புறப்பாட்டு முறைக்கு இது நன்கு பொருந்தியது. எண்ணைப் படிக்க வேண்டாம், எந்த வண்ணத்தில் முள் இருக்கிறது என்று நோக்கினால் போதும். இதனைச் செய்தவர் படகோட்டியின் கண்ணை அறிந்தவர் என்றே கருதுகிறேன். பின்னர் 2007-இல் ரோலெக்ஸ் கம்பெனி 'யாட்-மாஸ்டர் இரண்டு' என்ற கடிகாரத்தை வெளியிட்டது. ஒன்று முதல் பத்து நிமிஷம் வரை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைக் குறித்து வைத்தால் அது பின்னோக்கி எண்ணும். குறித்து வைத்ததை மறுமுறையும் நினைவில் கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்பொழுதே பொத்தானை அழுத்தினால் முள் அருகிலுள்ள முழு நிமிஷத்துக்குத் தாவி நிற்கும். மின்கலமோ மின்னணுவோ இன்றி, பற்சக்கரங்களையும் வில்லையும் மட்டும் கொண்டு இத்தனையும் செய்திருக்கிறார்கள். கைவினையின் சிகரம் அது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதே கம்பெனி 1992-இல் வெளியிட்ட முதலாவது 'யாட்-மாஸ்டரில்' பின்னோக்கி எண்ணும் அமைப்பு எதுவும் இல்லை. கழிந்த நிமிஷத்தைக் காட்டும் சுழல்வளையம் ஒன்றே உண்டு. பெயரில் படகு இருப்பதனால் பந்தயத்துக்கு ஏற்றதென்று கொள்வது, 'குதிரை மார்க்' தீப்பெட்டியில் குதிரையைத் தேடுவது போலாகும். விலையுயர்ந்த கடிகாரங்களுள் படகின் பெயரைத் தாங்கியவை பல. புறப்பாட்டுக்கு உதவுபவை சில.

அந்தச் சிலவும் நனைந்த படகில் எப்படி நடந்துகொள்கின்றன? தண்ணீர் அவற்றுக்குப் பெரிய பகையன்று. நூறு மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரத்துக்கு அலைத்துளி எம்மாத்திரம்? இடர்கள் வேறு இடத்திலிருந்து வருகின்றன. நீர் புகாதபடி திருகி மூடிய தலைப்புடைய கடிகாரங்களில், நேரத்தைத் திருத்த வேண்டுமானால் அத்திருகைக் கழற்ற வேண்டும். கழற்றிய நிலையில் அலை மோதினால் காவல் போயிற்று. உலோகப் பட்டையின் விளிம்பு பாயின் துணியையும் கயிற்றையும் கொளுவும். திசை திருப்புகையில் பாயின் அடித்தண்டுக்குக் கீழே குனிந்து மறுபுறம் தாவும்பொழுது மணிக்கட்டு எதன் மீதாவது மோதாமலிருப்பது அரிது. பளபளப்பான முகப்பில் உச்சி வெயில் பட்டால் முள்ளே தெரியாது. சிறு வட்டத்துக்குள் ஓடும் சிறு முள்ளை, படகு குலுங்கும்பொழுது வாசித்தறிவது, ஓடும் பேருந்தில் நாளேட்டின் பொடியெழுத்து விளம்பரத்தைப் படிப்பதை ஒக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, படகு கவிழ்வது இவ்விளையாட்டில் அன்றாட நிகழ்ச்சி. கவிழ்ந்த படகை நிமிர்த்தும்பொழுது மனத்தில் ஒரு பகுதி கைக்கடிகாரத்தின் மீது இருக்குமாயின், படகின் மீது இருப்பது மீதிப் பகுதிதான்.

இதனால்தான் பந்தயக் களத்தில் பிளாஸ்டிக் உறையிட்ட மின்னணுக் கடிகாரத்தை எங்கும் காண்கிறோம். பெரிய இலக்கங்கள், பின்னோக்கி எண்ணும் வசதி, ஒரே அழுத்தில் முழு நிமிஷத்துக்கு நேராகும் பொத்தான், கடைசி விநாடிகளில் 'பீப்' என்னும் ஒலி. சிலர் அதனை மணிக்கட்டில் அணியாமல் பாய்மரத்திலோ தண்டிலோ கட்டிவிடுகிறார்கள். படகிலுள்ள இருவருமே ஒரே எண்ணைக் காண்பதற்கு அது வசதி. ஒரு செய்தி இங்கே சுவையானது. குவார்ட்ஸ் கைக்கடிகாரம் என்பதே பிறப்பில் எளியதன்று. 1969-ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானின் ஸெய்க்கோ கம்பெனி முதன்முதலாக அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தபொழுது, அதன் விலைக்கு ஒரு சிறு மோட்டார் காரே வாங்கியிருக்கலாம். விநாடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகம் ஒன்று சில ஆண்டுகளுக்குள் மலிந்து, காலத்தின் நுட்பத்தை ஏழைக்கும் பொதுவாக்கிவிட்டது. பெரிய படகுகளிலோ கைக்கடிகாரத்தின் வேலையே குறைந்துவிட்டது. செயற்கைக் கோளின் உதவியால் கோட்டுக்கு இன்னும் எத்தனை மீட்டர், எத்தனை விநாடி என்று கணக்கிட்டுச் சொல்லும் கருவிகள் அங்கே வந்துவிட்டன.

இதுவரை கூறியது படகிலிருப்போரைப் பற்றி. அதிகாரியின் மேசையில் காலக்கணக்கு வேறு விதமானது. ஒரே வகைப் படகுகள் ஓடினால் முதலில் வந்தவன் முதல்வன். கடிகாரத்துக்கு அங்கே அதிக வேலையில்லை. வெவ்வேறு வகைப் படகுகள் சேர்ந்து ஓடும்பொழுதுதான் சிக்கல். வேகமான படகுக்கும் மெதுவான படகுக்கும் ஈடு செய்யும்பொருட்டு, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் வகுத்திருக்கிறார்கள். எடுத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அவ்வெண்ணால் வகுப்பது ஒரு முறை. உதாரணமாக, 1100 என்ற எண்ணுடைய படகு 66 நிமிஷத்திலும், 1150 என்ற எண்ணுடைய படகு 69 நிமிஷத்திலும் வந்து சேர்ந்தால், திருத்திய நேரம் இரண்டுக்கும் சரியாக 3600 விநாடி! மூன்று நிமிஷம் பின்னால் வந்த படகு ஒரே ஒரு விநாடி விரைந்திருந்தால் வெற்றி அதற்கே. இப்படிப்பட்ட இடத்தில் கடிகாரம் நுட்பமாக இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். இருக்கட்டும், ஆனால் மூன்று மணி நேரப் பந்தயத்தில்கூட, நாளுக்கு ஆறு விநாடி தவறும் கடிகாரத்தின் பிழை முக்கால் விநாடிதான். எல்லாப் படகுகளையும் ஒரே கடிகாரத்தில் அளப்பதால் அதுவும் ஏறக்குறைய எல்லாருக்கும் பொதுவாகிவிடுகிறது. அதிகாரி அஞ்ச வேண்டியது பென்சில் முனை உடைவதையும், ஒரே நேரத்தில் ஐந்து படகுகள் கோட்டைக் கடப்பதையும், கைகாட்டியவர் ஒரு பாய் எண்ணைத் தவறாகப் படிப்பதையுந்தான். இரண்டு கடிகாரங்களும் எழுத ஓர் ஆளும் இருந்தால் ஒரு பொற்கடிகாரத்தினும் மேல்.

அப்படியானால் கடலில் நுட்பமான கடிகாரத்துக்கு வேலையே இல்லையா? ஒரு காலத்தில் உயிரே அதைப் பொறுத்திருந்தது. கடலுக்கும் கடிகாரக்காரர்க்கும் உள்ள பழைய உறவும் அங்கேதான் தொடங்குகிறது. பூமி நான்கு நிமிஷத்தில் ஒரு பாகை சுழல்கிறது. சென்னையில் கதிரவன் உச்சிக்கு வந்த பிறகு ஏறக்குறைய எட்டு நிமிஷம் கழித்தே கோலார் தங்கவயலில் உச்சிக்கு வருகிறான். புறப்பட்ட துறையின் நேரத்தைக் கப்பலில் மாறாமல் காக்க முடிந்தால், நடுக்கடலின் உச்சிப்பொழுதோடு அதனை ஒப்பிட்டுக் கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று அறியலாம். நான்கு விநாடி தவறினால் பூமத்திய ரேகையின் அருகே ஒரு கடல் மைல் தவறும். நாளுக்கு ஆறு விநாடி வீதம் ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் நாற்பத்தைந்து கடல் மைல். பாறையில் மோதுவதற்கு அது மிகவும் போதும். ஆங்கிலேயத் தச்சர் ஜான் ஹாரிஸன் 1759-இல் செய்து முடித்த நான்காம் கடிகாரம், ஜமெய்க்காவுக்குச் சென்ற 81 நாட் கடற்பயணத்தில் ஐந்து விநாடி அளவே பிந்தியது. உண்மையில் விலைமதிப்பற்ற கடிகாரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின் அதனைச் சொல்லலாம்.

நம் நாட்டிலும் இதன் தொடர்பு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாராய்ச்சி நிலையம், வானநூலோடு நில அளவைக்கும் கப்பற் போக்குவரத்துக்கும் உதவும்பொருட்டே ஏற்பட்டது. அதன் கருங்கல் தூண் ஒன்றில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருப்பதை இன்றும் காணலாம். அங்கிருந்து கணித்த சென்னை நேரம் இந்திய ரயில்களுக்கெல்லாம் நெடுங்காலம் பொது நேரமாக விளங்கியது. கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது அந்நேரம். 1906-ஆம் ஆண்டு தொடங்கியபொழுது இந்தியப் பொது நேரம் வந்து, அதனினும் 8 நிமிஷம் 46 விநாடி முந்தி நின்றது. இன்று செயற்கைக் கோள் இவ்வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் பழைய முறையையே விதியாகக் கொண்ட பந்தயம் ஒன்று உண்டு. தனியொருவராக உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் செயற்கைக் கோள் வழிகாட்டிக்கு இடமில்லை. செக்ஸ்டன்ட் என்னும் கோணமானியும் கடிகாரமுமே வழிகாட்டிகள். 2022-இல் புறப்பட்ட அப்பந்தயத்தில் நம் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் கரை சேர்ந்து இரண்டாமிடம் பெற்றார். அத்தகைய பயணத்தில் நல்ல கடிகாரம் ஆபரணமன்று. ஐந்து நிமிஷப் புறப்பாட்டின் நிலை அதுவன்று. அதனைக் காட்டி இதனை விற்பதே விளம்பரக்காரரின் சாமர்த்தியம்.

ஆபரணமாக அணிவோரைக் குறைகூறுவதும் முறையன்று. சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை நடைபெறும் புகழ்பெற்ற கடற்பந்தயத்தில் வென்றோர்க்கு ரோலெக்ஸ் கடிகாரம் பரிசாக வழங்கப்படுகிறது. இருபத்தைந்து ஆண்டுப் பணி முடித்த தொழிலாளிக்குக் கைக்கடிகாரம் அளிக்கும் வழக்கம் நம் நாட்டுத் தொழிலகங்கள் பலவற்றிலும் இருந்ததுண்டு. அதனைப் பெற்றவர் நேரம் பார்ப்பதற்காகவா அணிந்தார்? பெட்டியில் வைத்துக் காத்து, மகன் திருமணத்தன்று கட்டிக்கொண்டவர்கள் உண்டு. பந்தயத்தில் வென்றபின் அணிவது வேறு, வெல்வதற்காக அணிவது வேறு.

இவ்வேறுபாட்டை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கடிகார விளம்பரம் படகைக் கொண்டு கடிகாரத்தை உயர்த்துகிறது. அதனை அறியாமலே, கடிகாரத்தின் விலையைக் கொண்டு படகோட்டத்தையும் எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. இது கோடீசுவரர்களின் விளையாட்டு, நம் பிள்ளைகளுக்கு இதில் இடமில்லை என்று எண்ணிப் பெற்றோர் விலகிவிடுகின்றனர். கட்டுமரம் என்ற நம் சொல்லைக் 'கேட்டமரான்' என்று உலகுக்குக் கொடுத்த இனம் நாம். அப்பெயர் பூண்ட இரட்டை உடற்படகு இன்று ஒலிம்பிக் பந்தயத்திலேயே ஓடுகிறது. பேத்தமங்கலத்தை நிரப்பும் பாலாறே வேலூரின் பக்கமாகவும் செல்கிறது. அவ்வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன், இராணுவத்தில் பணிபுரிந்துகொண்டே, 2023-இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பதினெட்டாம் இடத்தில் நின்றார். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டியில் இடம்பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. டோக்கியோவில் 35-ஆம் இடத்தில் இருந்தவர் பாரிஸில் 21-ஆம் இடத்துக்கு முன்னேறினார். ஹைதராபாத் யாட் கிளப்பில், வறிய குடும்பங்களிலிருந்து அரசாங்கப் பள்ளிகளில் பயிலும் சிறுவர் சிறுமியர் பயிற்சி பெற்றுத் தேசியப் பந்தயங்களில் பரிசு வென்று வருகின்றனர். என்.சி.சி.யின் கடற்படைப் பிரிவில் சேரும் மாணவனுக்கும் பாய்ப்படகு கிட்டும். படகும் பாயும் பயிற்சியாளரும் செலவு தருவன என்பது மெய். அச்செலவை ஏற்பதற்குக் கிளப்புகளும் படைப்பிரிவுகளும் இருக்கின்றன. மாணவன் தானாகக் கொண்டுவர வேண்டிய கடிகாரமோ, கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கக்கூடியது.

ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் நேயர்கள், பருவமழைக் காற்று வீசும் மாதங்களில் ஹுஸேன் சாகர் கரைக்குச் சென்றால் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். கையிலிருக்கும் எந்தக் கடிகாரமும் போதும். அதிகாரியின் படகில் வகைக் கொடி ஏறும் கணத்தில் விநாடி முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு நிமிஷம் கழித்து, நீல நிறத்தின் நடுவே வெண்சதுரம் உடைய கொடி ஏறினால் அது ஆயத்தக் கொடி. அது இறங்கியதும் ஒரு நிமிஷமே பாக்கி. அதுவரை சோம்பித் திரிந்த படகுகள் அனைத்தும் ஒரே முகமாகத் திரும்பிப் பாயை இழுத்துக் கட்டுவதைக் காண்பீர்கள். வகைக் கொடி இறங்கிய கையோடு, வெண்மையில் நீலச் சிலுவைக் குறியுள்ள கொடி ஒன்று மேலெழுந்து, மற்றோர் ஒலியும் கேட்டால், யாரோ ஒருவர் முந்திவிட்டார் என்பது பொருள். அவர் திரும்பி வந்து கோட்டுக்குப் பின்னே செல்லும் வரை, அல்லது நான்கு நிமிஷம் வரை, அக்கொடி அங்கேயே பறந்துகொண்டிருக்கும்.